எண்ணெய் வண்ணத்தில் ரோஜா: இளஞ்சிவப்பு ஏன் வெளிறுகிறது, கறுஞ்சிவப்பு ஏன் கெடுகிறது?

இதழ்நிறம் எழுதியது:

கேன்வாஸ் 12×16 அங்குலம், பருத்தி, கடையிலேயே ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு முந்தைய வெள்ளை அடிப்பூச்சு) பூசி வருவது. கண்ணாடி ஜாடியில் ஐந்து ரோஜா: மூன்று இளஞ்சிவப்பு, ஒன்று கறுஞ்சிவப்பு, ஒன்று வெள்ளை. பின்னணி அடர் பழுப்பு. இடப்பக்க ஜன்னல் வெளிச்சம். இளஞ்சிவப்புக்கு அலிசரின் கிரிம்சனும் டைட்டானியம் ஒயிட்டும்தான் அடிப்படை.

வெளிச்சம் விழும் இதழ்கள் ஒளிரவில்லை, சுண்ணாம்பு பூசினது போல நிற்கின்றன. கறுஞ்சிவப்புப் பூவில் வெளிச்சம் காட்ட வெள்ளை கலந்தால் அதுவும் இளஞ்சிவப்புப் பூவாகிவிடுகிறது. பின்னணியில் காய்ந்த பிறகு திட்டுத்திட்டாகப் பளபளப்பு போயிருக்கிறது. மூன்றுக்கும் காரணம் ஒன்றா, தனித்தனியா? அலிசரினைத் தொடரலாமா என்பதையும் சொல்லுங்கள்.


வண்ணத்தட்டு எழுதியது:

தனித்தனிக் காரணங்கள். முதல் கேள்வியை மட்டும் இப்போது எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பூ ஓவியத்தில் பாதிப் பிரச்சினை இதுதான்.

டைட்டானியம் ஒயிட் எந்த நிறத்தோடு சேர்ந்தாலும் இரண்டு வேலை செய்யும். நிறத்தை வெளுக்கும், கூடவே நீலச்சாய்வாகக் குளிர வைக்கும். அலிசரின் ஏற்கெனவே குளிர்ந்த சிவப்பு. இரண்டும் சேரும்போது வெப்பம் முழுக்கப் போய்விடுகிறது. அதைச் சரிசெய்ய இன்னும் வெள்ளை சேர்க்கிறோம், இன்னும் மோசமாகிறது. வெளிச்சப் பகுதிக்குப் போகும் கலவையில் குண்டூசித் தலையளவு காட்மியம் ரெட் லைட் அல்லது நேப்பிள்ஸ் யெல்லோ சேர்த்துப் பாருங்கள். அதே டோனில் (வெளிச்ச அளவில்) நிறம் உயிர் பெறும்.

தீட்டத் தொடங்கும் முன் பேலட்டில் கத்தியால் ஐந்து படியும் கலந்து வைத்துவிட வேண்டும். ஆழமான முதல் படி: ரோஸ் நிறமியோடு (இளஞ்சிவப்புக்கு நீங்கள் எடுக்கும் சிவப்பு) சிறிது பர்ன்ட் அம்பர் (அடர் பழுப்பு), வெள்ளை கிடையாது. இரண்டாவது: ரோஸ் நிறமி, துளி காட்மியம் ரெட். மூன்றாவது: ரோஸ் 1 பங்கு, வெள்ளை 2 பங்கு. நான்காவது: மூன்றாவதில் 1 பங்கு, வெள்ளை 3 பங்கு. ஐந்தாவது: வெள்ளை 10 பங்கு, நான்காவதில் 1 பங்கு, மஞ்சள் தொட்டும் தொடாமலும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் அடுத்தடுத்த படிகளுக்கிடையே ஒரே அளவு இடைவெளி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அங்கேயே திருத்திக்கொள்ளுங்கள், கேன்வாஸில் வைத்துத் திருத்த முடியாது.

பூவின் 80 விழுக்காடு இரண்டு, மூன்று, நான்காம் படிகளிலேயே முடிந்துவிட வேண்டும். ஐந்தாவது, ஒரு பூவுக்கு மூன்று நான்கு தொடுப்பு. பூ முழுவதும் ஐந்தாம் படியாக இருந்தால் எந்த இதழும் வெளிச்சமாகத் தெரியாது.

இன்னொன்று. ரோஜாவின் நடுவில் இதழ்கள் நெருங்கும் இடத்தைப் பலரும் சாம்பலாகவோ கறுப்பாகவோ இருட்டாக்கிவிடுகிறார்கள். இதழ் மெல்லியது, ஒளி அதன் ஊடே போய் அடுத்த இதழில் பட்டு அங்கேயே சுழல்கிறது. அதனால் அந்த இடுக்குகள் இருண்டாலும் நிறம் செறிந்து வெதுவெதுப்பாக இருக்கும். கறுப்பு வேண்டவே வேண்டாம். ரோஸோடு துளி காட்மியம் ஆரஞ்சு சேர்த்து வைத்தால் உள்ளிருந்து ஒளி வருவது போலிருக்கும்.


நிறமி எழுதியது:

அலிசரின் பற்றி: விட்டுவிடுங்கள். ட்யூபின் பின்னால் நிறமிக் குறியீடு அச்சிட்டிருப்பார்கள். பிஆர்83 என்றால் உண்மையான அலிசரின். ஏ.எஸ்.டி.எம். என்ற தர நிர்ணய அமைப்பின் ஒளித்தாக்கத் தரத்தில் அது மூன்றாம் வகுப்பு, அதாவது ஒளியில் மங்கக்கூடியது. கெட்டியாகப் பூசினால் ஓரளவு தாங்கும். ஆனால் பூ ஓவியத்தில் அதைப் பயன்படுத்தும் இரண்டு விதங்களுமே, அதாவது வெள்ளையோடு கலப்பதும் மெல்லிய கிளேஸ் (ஒளிபுகும் பூச்சு) போடுவதும், அது சீக்கிரம் வெளுக்கும் விதங்கள். இளஞ்சிவப்பு இதழ்தான் முதலில் போகும்.

மாற்று: குவினாக்ரிடோன் ரோஸ், பிவி19. முதல் வகுப்பு. அலிசரினை விடச் சாயம் போடும் வலு அதிகம், அதனால் கொஞ்சமாக எடுங்கள். அலிசரினின் இருண்ட ஆழம் வேண்டுமென்றால் துளி பர்ன்ட் அம்பரோ அல்ட்ராமரினோ சேர்த்தால் போதும். 'பர்மனன்ட் அலிசரின்' என்ற பெயரில் வருபவை பெரும்பாலும் குவினாக்ரிடோன் அல்லது பிஆர்177 கலந்தவை. பெயரைப் பார்க்காமல் குறியீட்டைப் பார்த்து வாங்குங்கள்.

வெள்ளை ட்யூபையும் திருப்பிப் பாருங்கள். 'டைட்டானியம் ஒயிட்' என்று எழுதியிருந்தாலும் பல ட்யூப்களில் பிடபிள்யூ6 உடன் பிடபிள்யூ4, அதாவது ஜிங்க், கலந்திருக்கும். ஜிங்க் படலம் ஆண்டுகள் போகப் போக நொறுங்கும் தன்மை கொண்டது, மேல் அடுக்கு உரிந்து வரவும் வாய்ப்புண்டு. கீழ் அடுக்குகளில் அது வேண்டாம்.

சந்தேகமிருந்தால் சோதிக்கலாம். ஜெஸ்ஸோ பூசிய அட்டையில் ஒவ்வொரு சிவப்பையும் கெட்டியாக ஒரு பட்டை, வெள்ளையோடு 1:10 கலந்து ஒரு பட்டை. காய்ந்ததும் பாதியை அலுமினியத் தாளால் மூடித் தெற்கு ஜன்னலில் மூன்று மாதம் வையுங்கள். நம்மூர் வெயிலில் வித்தியாசம் தெளிவாகத் தெரியும்.


இதழ்நிறம் எழுதியது:

நன்றி. என்னிடம் இருப்பது பிஆர்83தான். அப்படியானால் பழைய ஓவியங்களில் சிவப்புப் பூக்கள் எப்படித் தாங்கின?


அருங்காட்சியகவாசி எழுதியது:

பல தாங்கவில்லை என்பதுதான் பதில்.

1890 மே மாதம், பிரான்சின் சான் ரெமி மனநல மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன், வான் கோ நான்கு பெரிய பூ ஓவியங்கள் தீட்டினார். இரண்டில் ஐரிஸ், இரண்டில் ரோஜா. இப்போது ஐரிஸ் ஒன்று ஆம்ஸ்டர்டாமில், ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டனில். ரோஜா ஒன்று மெட்ரோபாலிட்டனில், மற்றது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில். ரோஜா ஓவியங்களைப் பார்ப்பவர்கள் அவை வெள்ளை ரோஜா என்றே நினைப்பார்கள். தீட்டும்போது இளஞ்சிவப்பு. அவர் பயன்படுத்திய ஜெரேனியம் லேக் என்ற சிவப்பு, ஈயோசின் சாயத்தில் செய்தது. ஒளி பட்டு நிறம் கரைந்துவிட்டது. மெட்ரோபாலிட்டன் ஐரிஸின் பின்னணி இப்போது ஏறக்குறைய வெள்ளை, அதுவும் ஒரு காலத்தில் இளஞ்சிவப்பு. ஐரிஸ் பூக்கள் ஊதாவாக இருந்தவை. ஊதாவில் இருந்த சிவப்பு போனதும் நீலம் மட்டும் மிஞ்சிவிட்டது. நான்கையும் 2015ல் மெட்ரோபாலிட்டனில் ஒன்றாக வைத்து இதையே காட்சியாக்கினார்கள்.

இந்தப் பிரச்சினை சிவப்போடு நிற்பதில்லை. 17, 18ஆம் நூற்றாண்டு டச்சுப் பூ ஓவியங்களில் இலைகள் சில இடங்களில் விசித்திரமான நீலமாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நீலத்தின் மேல் தாவரச் சாயத்தில் செய்த மஞ்சள் லேக் பூசிப் பச்சை வரவழைத்தார்கள். மஞ்சள் போய்விட்டது, நீலம் நிற்கிறது. யான் வான் ஹௌசம் ஓவியங்களில் இது நன்றாகத் தெரியும்.

ஆனால் அந்த டச்சுக்காரர்களிடம் கறுஞ்சிவப்புப் பூவுக்கு ஒரு தீர்வு இருக்கிறது. உங்கள் இரண்டாம் கேள்விக்கு அதுதான் விடை. பூவின் வடிவம் முழுவதையும் முதலில் வெர்மிலியனிலும் (ஆரஞ்சுச் சாய்வான சிவப்பு) வெர்மிலியன் கலந்த வெள்ளையிலும் கெட்டியாக மாடல் செய்து, நன்றாகக் காயவிட்டு, மேலே ஒளிபுகும் சிவப்பு லேக்கை மெல்லிய கிளேஸாக இழுத்தார்கள். ஒளி மேல் அடுக்கைத் தாண்டிக் கீழே போய்த் திரும்பி வருகிறது. வெள்ளை கலக்காமலேயே வெளிச்சம் கிடைக்கிறது.


வண்ணத்தட்டு எழுதியது:

அதை இன்றைய நிறமிகளில் செய்யும் முறை: வெர்மிலியனுக்குப் பதில் காட்மியம் ரெட் லைட். பூவை நிஜத்தில் இருப்பதை விட ஒரு படி வெளிச்சமாக, கொஞ்சம் ஆரஞ்சுச் சாய்வாகத் தீட்டுங்கள். நிழல் பக்கம் காட்மியம் ரெட்டோடு பர்ன்ட் அம்பர். 7 முதல் 10 நாள் காயட்டும், விரலில் ஒட்டக்கூடாது. பிறகு குவினாக்ரிடோன் ரோஸ் ஒரு பட்டாணியளவு, மீடியம் (வண்ணத்தை இளக்கும் எண்ணெய்க் கலவை) மூன்று நான்கு துளி. மென்மையான பிரஷ்ஷில் பூசி, உடனே சுத்தமான துணியால் வெளிச்சப் பகுதிகளில் மட்டும் ஒற்றி எடுங்கள். இடுக்குகளில் தேங்கியது அங்கேயே இருக்கட்டும்.

ஒரே அமர்வில் முடிக்க நினைத்தால்: கறுஞ்சிவப்புப் பூவின் வெளிச்சத்துக்கு வெள்ளை இல்லை, காட்மியம் ரெட் லைட்தான். இதழின் மேல் படியும் வெல்வெட் பளபளப்புக்கு மட்டும் சாம்பல் கலந்த குளிர்ந்த இளஞ்சிவப்பு, அதுவும் இரண்டே தொடுப்பு.


ஒரேஅமர்வு எழுதியது:

கிளேஸ் நல்ல முறை, மறுக்கவில்லை. ஆனால் பூவை அடுக்கடுக்காகத் தீட்டும்போது போவது அதன் புதுமை. பிரெஞ்சு ஓவியர் மானே 1882லும் 83லும், நோயில் படுத்திருந்த கடைசி மாதங்களில், கண்ணாடி ஜாடிப் பூக்களாக வரிசையாகச் சிறிய ஓவியங்கள் தீட்டினார். ஈர வண்ணத்தின் மேல் ஈர வண்ணம், திருத்தமே இல்லை. ஒரு இதழ் ஒரு தொடுப்பு. அந்த ஓவியங்களை அருகில் வைத்துப் பார்த்தால் இதழ் என்பதே பிரஷ்ஷின் அகலம்தான்.

ஈரத்தில் வேலை செய்யும்போது சகதியாவதற்கு மூன்றே காரணம். பச்சைக்கும் சிவப்புக்கும் ஒரே பிரஷ். ஒரு தொடுப்பை வைத்துவிட்டு அதைத் தடவிச் சமன்செய்வது. கீழ் அடுக்கு கெட்டியாகவும் மேல் அடுக்கு நீர்த்தும் இருப்பது. பூவுக்கு மூன்று, இலைக்கு ஒன்று, பின்னணிக்கு ஒன்று எனப் பிரஷ்களைப் பிரியுங்கள். 4, 6, 8 எண் ஹாக் ஃபில்பர்ட் (பன்றிமயிரில் செய்த, முனை வளைந்த தட்டைப் பிரஷ்) போதும். ஒவ்வொரு தொடுப்புக்கும் பிரஷ்ஷைத் துணியில் துடைக்க வேண்டும், டர்பன்டைனில் கழுவ வேண்டாம். கழுவிய பிரஷ்ஷில் ஒட்டியிருக்கும் டர்பன்டைன் கீழே இருப்பதைக் கரைத்து இழுக்கும்.

ரோஜாவை முதலில் இதழ் இதழாகப் பார்க்காதீர்கள். முழுப்பூ ஒரு உருண்டை, அதற்கு ஒரு வெளிச்சப் பக்கம், ஒரு நிழல் பக்கம். இந்த இரண்டையும் வைத்துவிட்டுப் பிறகு விளிம்புகளால் இதழ்களைப் பிரியுங்கள். மடிந்த இதழ் விளிம்பை உற்றுப் பார்த்தால் மூன்று கோடுகள் தெரியும்: மேலே குளிர்ந்த வெளிச்சக் கோடு, அதையொட்டி மயிரிழை போலச் செறிந்த நிழல், அதற்கும் கீழே அடுத்த இதழிலிருந்து எகிறி வரும் வெதுவெதுப்பான ஒளி. இந்த மூன்றும் சரியாக இருந்தால் அந்த இதழ் மடிந்துவிடும். ஒரு பூவில் இரண்டு இதழுக்கு இப்படிச் செய்தால் போதும், மற்றதைப் பார்ப்பவர் கண்ணே நிரப்பிக்கொள்ளும்.

பின்னணியைக் கடைசியில் பூவைச் சுற்றி வெட்டிப் பூசாதீர்கள். பூ, காகிதத்தில் வெட்டி ஒட்டினது போல் ஆகிவிடும். இரண்டும் ஈரமாக இருக்கும்போதே நிழல் பக்க விளிம்பைப் பின்னணிக்குள் கரைத்துவிடுங்கள். வெளிச்சப் பக்க விளிம்பு மட்டும் கூர்மை.


அருங்காட்சியகவாசி எழுதியது:

பின்னணி பற்றிச் சொன்னதை வழிமொழிகிறேன். பிரெஞ்சுப் பூ ஓவியர் ஃபான்டன்-லத்தூர் ஓவியங்களில் அந்தச் சாம்பல்-பழுப்புப் பின்னணி எவ்வளவு மெல்லியது, துணியின் நெசவே தெரியும். பூக்கள் மட்டும் கெட்டி. அந்த வேறுபாடே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. ஆனால் புதுமை போய்விடும் என்பதை ஏற்க முடியவில்லை. லண்டன் தேசியக் கலைக்கூடத்தில் வான் ஹௌசமின் பூ ஓவியம் ஒன்றில் 1736, 1737 என இரண்டு ஆண்டுகள் எழுதப்பட்டிருக்கின்றன. அந்தந்தப் பூ பூக்கும் பருவத்துக்காகக் காத்திருந்து தீட்டியிருக்கிறார். மஞ்சள் ரோஜா கிடைக்காததால் படத்தை முடிக்க முடியவில்லை என்று 1742ல் கடிதமே எழுதியிருக்கிறார். அந்த ரோஜாக்களில் புதுமைக்குக் குறைவில்லை. டச்சுப் பூ ஓவியர் ராக்கல் ரௌஷ் 80 வயது தாண்டியும் அடுக்கு முறையிலேயே தீட்டினார், கையெழுத்தோடு வயதையும் எழுதி வைத்தார்.


வாடாமலர் எழுதியது:

அடுக்கு முறையோ ஒரே அமர்வோ, பூ காத்திருக்காது. அதைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

ரோஜாவை வாங்கி வந்ததும் காம்பைத் தண்ணீருக்குள் வைத்தே சாய்வாக வெட்டி, கழுத்தளவு தண்ணீரில் ஒரு மணி நேரம் விட்டுப் பிறகு ஜாடிக்கு மாற்றுங்கள். குண்டு பல்பு வெப்பத்தில் மொட்டு கண்முன்னே விரியும். 5000 கெல்வின், சிஆர்ஐ (நிறத்தை உண்மையாகக் காட்டும் அளவு) 90க்கு மேல் உள்ள எல்.இ.டி. ஒன்று போதும், அதோடு ஜன்னல் வெளிச்சத்தைக் கலக்கவே கூடாது. கலந்தால் நிழலுக்கு இரண்டு நிறம் வரும்.

எது முதலில் மாறுமோ அதை முதலில் தீட்டுங்கள். செம்பருத்திக்கு ஆயுள் ஒரே நாள். மல்லிகை மொட்டு மாலையில் விரிந்துவிடும். ட்யூலிப் வெட்டிய பிறகும் ஜாடியில் வளரும், வெளிச்சத்தை நோக்கி வளையும், காலையில் வரைந்த கோடு மாலையில் பொருந்தாது. சாமந்தி ஒரு வாரம் அசையாமல் நிற்கும், முதல் பழக்கத்துக்கு ரோஜாவை விட அதுவே நல்லது. இலை, ஜாடி, மேசைத்துணி எல்லாம் மறுநாளும் இருக்கும். பூவை முடிக்காமல் அவற்றைத் தொட வேண்டாம்.

வெள்ளை ரோஜாவுக்கு ஒரு வார்த்தை: ட்யூபிலிருந்து வரும் வெள்ளை அந்தப் பூவில் எங்கும் இல்லை, அதிக வெளிச்சம் விழும் ஒரே புள்ளியைத் தவிர. மற்றதெல்லாம் மஞ்சள் சாம்பல், பச்சைச் சாம்பல், ஊதாச் சாம்பல். பக்கத்துத் தாளின் வெள்ளையை அருகில் பிடித்துப் பாருங்கள், பூ எவ்வளவு இருட்டு என்று தெரியும்.


எண்ணெய்க்காரர் எழுதியது:

மூன்றாவது கேள்வி, பளபளப்பு போவது. இதை 'சிங்கிங் இன்' என்பார்கள். மேல் அடுக்கின் எண்ணெயைக் கீழே இருப்பது உறிஞ்சிவிட்டது. கடையில் வாங்கும் மலிவான ஜெஸ்ஸோ கேன்வாஸ் அதிகம் உறிஞ்சும், அம்பர் நிறங்களில் இது கூடுதலாக வரும், டர்பன்டைனைத் தாராளமாக ஊற்றினால் நிச்சயம் வரும். உங்களுக்கு மூன்றும் சேர்ந்திருக்கிறது. வண்ணம் கெடவில்லை, பயப்பட வேண்டாம்.

தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகு, லின்சீட் ஆயிலும் டர்பன்டைனும் சமபங்கு கலந்து, நூல் விடாத துணியில் தொட்டு, மங்கிய இடத்தில் தேய்த்து, சில நிமிடத்தில் வேறு துணியால் முழுவதும் துடைத்தெடுங்கள். மேலே எண்ணெய் நிற்கக்கூடாது, நின்றால் மஞ்சளாகும். அடுத்த கேன்வாஸுக்கு முன்கூட்டியே இன்னொரு கோட் ஜெஸ்ஸோ பூசி, காய்ந்ததும் மெல்லிய உப்புத்தாள் போட்டுக்கொள்ளுங்கள்.

ஹார்டுவேர் கடை எண்ணெய் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். அங்கே கிடைக்கும் 'டபுள் பாயில்டு' லின்சீட் மரவேலைக்கானது, உலர்த்தி கலந்தது, கருக்கும். ஓவியத்துக்கு ரிஃபைன்ட் அல்லது கோல்ட் பிரஸ்டு மட்டும். அதே கடையின் டர்பன்டைன் பெரும்பாலும் மினரல் டர்பன்டைன், பிரஷ் கழுவத் தாராளமாகப் போதும்.

அடுக்கு விதி: கீழே மெலிவு, மேலே கொழுப்பு. முதல் அடுக்கில் துளி டர்பன்டைன், எண்ணெய் இல்லை. இரண்டாவதில் ட்யூபிலிருந்து வருவது அப்படியே. மூன்றாவதில் மீடியம், ஆனால் வண்ணத்தின் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக் கெட்டியாகிறது. கொழுத்த அடுக்கு கீழே மெதுவாகக் காயும், அதன் மேல் மெலிந்தது வேகமாக இறுகும், பிறகு வெடிக்கும். பர்ன்ட் அம்பர் ஓரிரு நாளில் காயும். குவினாக்ரிடோன், ஐவரி பிளாக், சாஃப்ளவர் எண்ணெயில் அரைத்த வெள்ளை எல்லாம் வாரக்கணக்கு. எனவே கறுப்புப் பின்னணியைக் கீழே கெட்டியாகப் போட்டு மேலே பூ வைப்பது ஆபத்து.

எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். லின்சீட் காயும்போது வெப்பம் வெளிவிடும், குவியலாக இருந்தால் தானே தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.


இதழ்நிறம் எழுதியது:

கண்ணாடி ஜாடி இன்னும் பாக்கி. காம்புகள் தண்ணீருக்குள் உடைந்தது போல் தெரிகின்றன, அப்படியே தீட்டலாமா? வார்னிஷ் எப்போது?


ஒரேஅமர்வு எழுதியது:

அப்படியேதான் தீட்ட வேண்டும். தண்ணீர் மட்டத்தில் காம்பு விலகித் தெரிவதால்தான் அது தண்ணீர். நேராக்கினால் ஜாடி காலியாகிவிடும். முதலில் ஜாடிக்குப் பின்னால் இருப்பதைத் தீட்டுங்கள், கண்ணாடி என்று தனியாக ஒரு நிறம் இல்லை. நீர்மட்டத்தின் நீள்வட்டம், ஜாடி வாயின் நீள்வட்டத்தை விடச் சற்று வட்டமாக இருக்கும், கண்மட்டத்துக்கு அது இன்னும் கீழே இருப்பதால். கடைசியில் ஜன்னலின் பிரதிபலிப்பு, கெட்டி வண்ணத்தில் ஒன்று அல்லது இரண்டு தொடுப்பு. மூன்றாவது வைத்தால் பிளாஸ்டிக் ஆகிவிடும்.


எண்ணெய்க்காரர் எழுதியது:

வார்னிஷுக்கு 6 முதல் 12 மாதம். கெட்டியாகத் தீட்டியிருந்தால் 12க்குப் பக்கமே வையுங்கள். அதுவரை இருட்டு அலமாரியில் பூட்ட வேண்டாம், லின்சீட் இருட்டில் மஞ்சளாகும். நேர் வெயில் படாத வெளிச்சமான அறையில், சுவரோடு ஒட்டாமல் பின்பக்கம் காற்றோட்டம் விட்டு வையுங்கள். மழைக்காலத்தில் சுவரோடு ஒட்டிய கேன்வாஸின் பின்புறத்தில்தான் பூஞ்சை முதலில் பிடிக்கும்.

காலம் ஆகிவிட்டதா என்று பார்க்க, பஞ்சில் சிறிது டர்பன்டைன் தொட்டு, ஓரத்தில் கெட்டியான ஒரு சிவப்புப் பகுதியில் லேசாக உருட்டுங்கள். பஞ்சில் இளஞ்சிவப்பு ஏறினால் இன்னும் இரண்டு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். கிளேஸ் போட்ட கறுஞ்சிவப்புப் பூவில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், அந்த மெல்லிய அடுக்கு கையோடு வந்துவிடும்.